கோபோல் பதிவுக்குள் இருந்த 40 வெற்றுப் பைற்றுகள்

கோப்பின் அளவு 269,340 பைற்று. சீடி உறையில் பேனையால் எழுதியிருந்த பதிவுகளின் தொகை 1,340. வகுத்தால் மிச்சமில்லாமல் ஒரு பதிவுக்கு 201 பைற்று வருகிறது. ஆனால் கூடவே வந்த, வர்த்தகக் கணக்குகளுக்கான பழைய புரோகிராம் மொழியான கோபோலில் எழுதிய பதிவு வரைவில் உள்ள புலங்களை (பெயர், இலக்கம் போன்ற கூறுகளை) எல்லாம் கூட்டினால் 161தான். ஒவ்வொரு பதிவிலும் 40 பைற்று கணக்கில் இல்லை. அந்த 40 எங்கே இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று கண்டுபிடித்ததுதான் இந்த வேலை. பழைய வர்த்தகக் கோப்புகளைத் திறக்கப் போகிற வேறு யாருக்கும் பயன்படும் என்பதால் கணக்குகளை முழுதாக எழுதி வைக்கிறேன்.

கோப்பு ஒரு நிறுவனத்தின் சொந்தச் சேமலாப நிதிக்கு உரியது. 1980களில் அந்தக் கணக்கெல்லாம் கொழும்பில் ஐபிஎம் பெருங்கணினி ஒன்றில் கோபோல் புரோகிராம்களால் ஓடியிருக்கிறது. நிறுவனம் இப்போது இல்லை. யாழ்ப்பாணத்துக் கிளைகளில் வேலை செய்தவர்கள் தங்கள் சேமலாபப் புத்தகங்களை வீட்டில்தான் வைத்திருந்தார்கள். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வீட்டைவிட்டு வெளிக்கிட்டவர்கள் திரும்பி வந்தபோது பலருக்கு வீடே இல்லை, புத்தகத்தை யார் தேடுவது? எஞ்சியது காந்த நாடாவிலிருந்து பைற்றுக்குப் பைற்று சீடிக்கு ஏற்றப்பட்ட இந்தக் கோப்பும், பச்சைக் கோடு போட்ட நீளக் கடதாசியில் அச்சான புரோகிராமின் சில பக்கங்களும்.

அதைக் கொண்டுவந்தவர் கொக்குவிலில் இருக்கிற ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர். தன்னோடு வேலை செய்தவர்களுக்காகவும் சேர்த்து அலைகிறார். திருநெல்வேலியில் நான் வேலை செய்யும் அறைக்கு வந்து, முதலில் ஒரு எக்செல் தாளை மேசையில் விரித்தார்.

"தம்பி, முந்தி ஒரு பெடியன் இந்தக் கோப்பைத் திறந்து எடுத்துத் தந்தது இது. இதில என்ர இலக்கம் 40 எண்டு கிடக்கு. என்ர இலக்கம் 10452. அதை நான் மறப்பனே?"

"மற்ற ஆக்களுக்கு எப்பிடி ஐயா?"

"கன பேருக்கு நூறு கோடிக்கு மேல போகுது. பேருகளும் ஒரு எழுத்துத் தள்ளித்தான் நிக்குது. அந்தப் பெடியன்ர பிழையோ, கோப்பே பழுதோ எண்டு தெரியேல்லை."

பேர் ஒரே ஒரு எழுத்து மட்டும் தள்ளி நிற்கிறது என்பது பெரிய துப்பு. கோப்பு பழுதானால் இவ்வளவு ஒழுங்காகப் பழுதாகாது.

வரைவை இங்கே தருகிறேன். மூலத்தில் புலப்பெயர்கள் ஆங்கிலம். விளங்குவதற்காகத் தமிழில் மாற்றியிருக்கிறேன். வரியின் முன்னால் நிற்கும் 01, 05, 10 மட்ட எண்கள்: பெரிய எண் உள்ள வரி, தனக்கு மேலே உள்ள சிறிய எண் வரிக்குள் அடங்கும்.

01 அங்கத்தவர் பதிவு
05 கிளை: எழுத்து 3
05 இலக்கம்: குறியுடன் 9 தானம், காம்ப்
05 பெயர்: எழுத்து 30
05 சேர்ந்த ஆண்டு: குறியுடன் 4 தானம், காம்ப்
05 நிலை: எழுத்து 1
05 மீதி: குறியுடன் 13 தானம், சதம் 2 தானம், காம்ப்
05 கடன்: குறியுடன் 7 தானம், சதம் 2 தானம், காம்ப்-3
05 மாதக் கணக்கு: 12 தடவை
10 மாத நிலை: எழுத்து 1
10 ஊழியர் பங்கு: குறியுடன் 5 தானம், சதம் 2 தானம், காம்ப்-3
10 தொழில்தருநர் பங்கு: குறியுடன் 7 தானம், சதம் 2 தானம், காம்ப்

காம்ப் என்றால் இரும எண். ஐபிஎம் கோபோலில் 4 தானம் வரை 2 பைற்று, 5 முதல் 9 வரை 4 பைற்று, 10 முதல் 18 வரை 8 பைற்று. காம்ப்-3 என்றால் ஒரு பைற்றில் இரண்டு தானமாக நெருக்கி அடுக்கிய பதின்ம எண். கடைசி அரைப் பைற்றில் கூட்டல், கழித்தல் குறி நிற்கும். 7 தானத்துக்கு 4 பைற்று, 9 தானத்துக்கு 5. இந்த அளவில் தலைப் பகுதி 3, 4, 30, 2, 1, 8, 5 என்று 53 பைற்று. மாதம் ஒன்றுக்கு 1, 4, 4 என்று 9; பன்னிரண்டுக்கு 108. மொத்தம் 161. எக்செல் தாளை எடுத்தவரும் இப்படித்தான் கூட்டி, மிஞ்சிய 40 பைற்றையும் பதிவின் வாலில் கிடக்கும் வெற்றிடம் என்று வைத்திருக்கிறார். வரைவை மட்டும் பார்த்தால் யாரும் அப்படித்தான் வைப்பார்கள்.

ஆனால் வரைவு முழுதாக இல்லை. ஐயாவிடம் இருந்தது போட்டோக் கொப்பி. கோபோலின் பழைய எழுத்து முறையில் 72ஆம் நிரல் வரை புரோகிராம் வரி ஓடும். கொப்பி எடுத்தபோது வலது ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. மூலக் கடதாசி அவருடைய வீட்டு அலுமாரியில், ஓரம் கறையான் தின்ற நிலையில், இருந்தது. கொண்டுவந்து விரித்துப் பார்த்தால் முதல் வரியிலேயே, 01 அங்கத்தவர் பதிவு என்பதற்குப் பிறகு வெகு தூரம் தள்ளி, ஒரு சொல்: சிங்க்ரனைஸ்ட். சுருக்கமாக சிங்க் என்றும் எழுதுவார்கள். ஐபிஎம் கோபோலில் அதை 01 மட்டத்தில் ஒரு முறை எழுதினால் போதும். உள்ளே இருக்கிற எல்லாப் புலத்துக்கும் அது பொருந்தும்.

அந்தச் சொல், புரோகிராமை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கொம்பைலருக்குச் சொல்வது இதுதான்: இரும எண் ஒவ்வொன்றையும் அதற்கு உரிய எல்லையில் தொடங்கு. 4 தானம் வரையான எண் 2ஆல் வகுபடும் இடத்தில் தொடங்க வேண்டும். 5 தானமும் அதற்கு மேலும் என்றால் 4ஆல் வகுபடும் இடத்தில். இடம் வகுபடாவிட்டால் எண்ணுக்கு முன்னால் தேவையான அளவு வெற்றுப் பைற்றுகளைக் கொம்பைலரே சொருகும். ஸ்லாக் பைற்று என்று கைநூல்களில் வருவது இவைதான். எழுத்துப் புலங்களுக்கும் காம்ப்-3 புலங்களுக்கும் இந்த விதி எதையும் மாற்றாது. அவை எங்கே விழுந்தாலும் சரி.

இப்படி ஒரு விதி ஏன் வந்தது என்பதற்கு இயந்திரத்தில்தான் காரணம். 1964இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்ரம்/360இல் 4 பைற்று முழு எண்ணை எடுக்கும் கட்டளை, 4ஆல் வகுபடும் முகவரியைத்தான் ஏற்கும். வேறு முகவரி கொடுத்தால் புரோகிராம் அந்த இடத்திலேயே முறிந்துவிடும். சிங்க் எழுதாத கோபோல் புரோகிராமும் ஓடத்தான் செய்தது. அதற்காகக் கொம்பைலர் ஒவ்வொரு தடவையும் எண்ணை ஒழுங்கான ஒரு வேலையிடத்துக்குப் பெயர்த்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்கும். ஆயிரக்கணக்கான பதிவுகளை இரவிரவாக ஓட்டும்போது அந்தப் பெயர்ப்பு வேலை நேரத்தைத் தின்னும். பின்னால் வந்த சிஸ்ரம்/370 சாதாரணக் கட்டளைகளுக்கு அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தியது. தளர்த்தினாலும் எழுதிப் பழகியவர்கள் சிங்க்கை விடவில்லை. விடவும் முடியாது. ஏற்கெனவே நாடாவில் உள்ள பதிவுகள் அந்த இடைவெளிகளோடுதான் இருக்கின்றன. புரோகிராமிலிருந்து ஒரு சொல்லை எடுத்தால் பழைய கோப்பு முழுவதும் வாசிக்க முடியாமல் போய்விடும்.

இனிக் கணக்கு. இடங்களை 0இலிருந்து எண்ணுகிறேன்.

கிளை 0 முதல் 2 வரை. அடுத்தது இலக்கம், 4 பைற்று இரும எண். 3 வகுபடாது. ஆகவே 3இல் ஒரு வெற்றுப் பைற்று, இலக்கம் 4 முதல் 7 வரை. பெயர் 8 முதல் 37 வரை. சேர்ந்த ஆண்டு 38இல் தொடங்கலாம், 38 இரட்டை, வெற்று வேண்டாம். நிலை 40. மீதிக்கு 8 பைற்று. 41, 42, 43 வெற்று. மீதி 44 முதல் 51 வரை. கடன் காம்ப்-3 என்பதால் கேள்வியில்லை, 52 முதல் 56 வரை.

ஐயாவின் இலக்கத்துக்கு வந்த 40இன் கதை இங்கேயே முடிந்தது. 10452ஐப் பதினாறின் அடிமானத்தில் (10 முதல் 15 வரைக்கு ஏ முதல் எஃப் வரை எழுத்து) எழுதினால் 00 00 28 டி4. அதற்கு முன்னால் 3ஆம் இடத்தில் அவருடைய பதிவில் 00 என்ற வெற்றுப் பைற்று. வெற்று இருப்பது தெரியாமல் 3இலிருந்து நான்கு பைற்றை எடுத்தால் 00 00 00 28. அது 40. மற்றவர்கள் பலரின் பதிவில் அதே வெற்றில், பதினாறின் அடிமானத்தில் 40 என்ற பைற்று இருந்தது. ஐபிஎம் பெருங்கணினிகள் எழுத்துகளுக்குப் பயன்படுத்தும் எப்சிடிக் குறியீட்டில் அது இடைவெளி எழுத்து. அங்கே 40 00 00 28 போல எடுபடும். அதன் பெறுமதி 1,073,741,864. ஐயா சொன்ன நூறு கோடி அதுதான். பெயர் ஒரு எழுத்துத் தள்ளி நின்றதும் இதே ஒரு பைற்றால்.

அடுத்து மாதக் கணக்கு. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பலரும் தடுக்கி விழக்கூடிய பகுதியும் இதுதான்.

அட்டவணை 57இல் தொடங்குகிறது. 57 வகுபடாத இடம் என்பதற்காகக் கொம்பைலர் அட்டவணையைத் தள்ளுவதில்லை, ஏனென்றால் அதன் முதல் புலம் வெறும் எழுத்து. மாத நிலை 57. ஊழியர் பங்கு 58 முதல் 61 வரை. தொழில்தருநர் பங்கு இரும எண், 62 வகுபடாது, 62, 63 வெற்று, எண் 64 முதல் 67 வரை. இதுவரை 11 பைற்று. இரண்டாவது மாதம் உடனே 68இல் தொடங்கினால் அதன் இரும எண் வேறு மாதிரி விழும். ஒவ்வொரு மாதத்துக்கும் உள் இடைவெளி வேறு வேறாகிவிடும். அட்டவணையில் அது நடக்கக்கூடாது. ஆகவே ஒவ்வொரு மாதத்தின் கடைசியிலும் இன்னொரு வெற்றுப் பைற்றைச் சேர்த்து நீளத்தை 12 ஆக்குகிறது கொம்பைலர். இரண்டாவது மாதம் 69இல். 57ஐ 4ஆல் வகுத்தால் மிச்சம் 1, 69ஐ வகுத்தாலும் மிச்சம் 1. இனிப் பன்னிரண்டு மாதமும் ஒரே அச்சில் விழும்.

பன்னிரண்டு பன்னிரண்டாக 144. 57உடன் கூட்டினால் 201. வெற்றுப் பைற்று முதலில் 1, பிறகு 3, மாதம் ஒன்றுக்கு 3 வீதம் 36. கூட்டினால் 40. தொலைந்த 40 முழுவதும் கிடைத்துவிட்டது, அவற்றில் ஒன்றாவது பதிவின் தனி வாலாகக் கிடக்கவில்லை.

மாதத்துக்கு உள்ளே 2, கடைசியில் 1 என்ற பிரிப்பு அந்த மாதக் குழுவின் சொந்த இயல்பு அல்ல என்பதைக் கவனியுங்கள். முன்னால் 57 பைற்று போயிருப்பதால்தான் அப்படி. இதே குழுவை, ஒரு எழுத்தும் மாற்றாமல், வேறொரு பதிவில் வேறு இடத்தில் வைத்தால் இடைவெளி வேறு விதமாகப் பிரியும். வரைவின் துண்டை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டி, ஒரு இடத்தில் சரியாக வாசித்ததால் மற்ற இடத்திலும் சரியாக வாசிக்கும் என்று நம்ப முடியாது.

சி மொழி இதைச் செய்யும் விதம் வேறு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே புலங்களை ஒரு ஸ்ட்ரக்ட்டாக (சியில் பதிவுக்குச் சமமான புலத் தொகுப்பாக) எழுதி 64 பிற்று லினக்ஸில் ஜிசிசி என்ற சி கொம்பைலரிடம் அளவு கேட்டேன். 208 என்றது. அங்கே 8 பைற்று முழு எண்ணுக்கு 8ஆல் வகுபடும் இடம் வேண்டும். மீதி 44இல் இல்லாமல் 48இல் போய் உட்கார்ந்தது. கோபோல் வரைவை அப்படியே சி ஸ்ட்ரக்ட்டாக மாற்றி வாசித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பதிவின் மீதியையே எடுத்துப் பார்த்தேன். உண்மையான மீதி 18,734 ரூபா 25 சதம். கோப்பில் 00 00 00 00 00 1சி 96 11. நான்கு பைற்று தள்ளி வாசித்தால், கடன் இல்லாத அந்த அங்கத்தவருக்கு மீதி ஏறக்குறைய 80 இலட்சம் கோடி ரூபா.

அதே ஸ்ட்ரக்ட்டை 32 பிற்றுக்குக் கொம்பைல் செய்தால் 204 வருகிறது. அந்த முறைமையில் ஸ்ட்ரக்டுக்குள் 8 பைற்று முழு எண்ணுக்கு 4இன் எல்லை போதும், ஆகவே மீதி 44இலேயே நிற்கிறது. ஐபிஎம் கோபோலோடு ஒத்துப்போகிறது போலத் தோன்றும். ஆனால் மாத அட்டவணை 57இல் தொடங்காது, 60இல் தொடங்கும். சியில் உள் ஸ்ட்ரக்ட்டுக்கு ஒரு எல்லை உண்டு. உள்ளே இருக்கிற மிகக் கடுமையான புலத்தின் எல்லைதான் அதற்கும் எல்லை. ஆகவே அது எந்த ஸ்ட்ரக்ட்டுக்குள் போனாலும் உள்ளமைப்பு மாறாது: நடுவில் 3 வெற்று, கடைசியில் 0. மாதம் ஒன்றுக்கு அங்கேயும் 12 பைற்றுத்தான். நீளத்தை மட்டும் பார்த்து ஒன்றென்று எண்ணிவிடக்கூடிய இடம் இது. ஒரே பன்னிரண்டு, வேறு வேறு பொந்துகள்.

வரைவை வைத்துப் போட்ட கணக்கைக் கோப்பே ஒப்புக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். கோப்பு முழுவதையும் 201 நிரல் அகலத்தில் வரிசைப்படுத்தி, ஒவ்வொரு நிரலிலும் எத்தனை வகைப் பைற்று வருகிறது என்று எண்ணும் சிறிய பைதன் புரோகிராம் ஒன்று எழுதினேன். இதைப் பழைய கோப்பு எதற்கும் முதல் வேலையாகச் செய்யலாம். வரைவே இல்லாவிட்டாலும் கோப்பு தன் எலும்பைக் காட்டும். யாழ்ப்பாணக் கிளையின் குறி ஜேஏஎஃப், எப்சிடிக்கில் டி1 சி1 சி6. அது எந்த இடத்தில் வந்தாலும் அடுத்தது 201இன் மடங்கு தூரத்தில் வந்தது. 61, 73, 85 என்று பன்னிரண்டு பன்னிரண்டாகப் போகும் நிரல்களில் பைற்றின் பின் பாதி எப்போதும் சி அல்லது டி. காம்ப்-3இல் சி கூட்டல், டி கழித்தல். ஊழியர் பங்கு அங்கேதான் முடிகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. 3, 41, 42, 43, 62, 63, 68 ஆகிய நிரல்களில் பெரும்பாலும் 40 அல்லது 00.

பெரும்பாலும் என்றுதான் எழுத முடியும். சில பதிவுகளில் அந்த இடங்களில் வேறு பைற்றுகளும் கிடந்தன. வெற்றுப் பைற்றுக்குள் என்ன எழுத வேண்டும் என்று விதி இல்லை. புரோகிராம் பதிவு முழுவதையும் இடைவெளியால் நிரப்பிவிட்டுத் தொடங்கினால் 40 இருக்கும். சுழியத்தால் நிரப்பினால் 00. ஒன்றும் செய்யாமல் புலம் புலமாக எழுதினால், நினைவகத்தில் அந்த இடத்தில் முன்பு கிடந்தது எதுவோ அது அப்படியே நாடாவுக்குப் போய்விடும்.

இதன் விளைவு ஒன்று சீடியிலேயே இருந்தது. அதே கோப்பின் இரண்டு பிரதிகள். கோப்பின் கைரேகை போன்ற எம்டி5 தொகை (ஒரு பைற்று மாறினாலும் மாறிவிடுவது) வேறு வேறு. ஒன்று திருத்தப்பட்டதோ, யாருடைய மீதியாவது மாறியிருக்கிறதோ என்று ஐயா பயந்துவிட்டார். ஆளுடைய ஓய்வுக்காலப் பணம் அது, பயம் நியாயமானது. வெற்று நிரல்களை நீக்கிவிட்டு, புலங்களை மட்டும் சேர்த்துத் தொகை எடுத்தேன். 1,340 பதிவும் ஒன்றுக்கொன்று பொருந்தின. வேறுபாடு முழுவதும் ஸ்லாக் பைற்றுகளில். பிரதி எடுத்த புரோகிராம் புலம் புலமாகப் பெயர்த்திருக்க வேண்டும். பதிவுகளைப் பைற்றுக்குப் பைற்று ஒப்பிட்டு இரட்டைகளைத் தேடும் எந்தக் கருவியும் இங்கே பிழையான விடைதான் தரும். சியில் ஸ்ட்ரக்ட்டுகளை, பைற்றுக்குப் பைற்று பார்க்கும் மெம்கம்ப் கொண்டு ஒப்பிடுவதிலும் இதே ஆபத்து உண்டு.

மூன்றாவதாக ஒரு கோப்பும் இருந்தது, யாரோ எப்சிடிக்கிலிருந்து, இன்றைய கணினிகள் பழகிய ஆஸ்கி எழுத்துக் குறியீட்டுக்கு முழுதாக மாற்றிய பிரதி. பெயர்கள் அழகாக வாசிக்க முடிவதால் அதைத்தான் முதலில் திறக்க மனம் வரும். அதைத் தொடவே கூடாது. மாற்றும் கருவிக்கு எது எழுத்து, எது எண் என்று தெரியாது. எல்லாவற்றையும் எழுத்தென்றே மாற்றும். ஊழியர் பங்கு 125 ரூபா என்பது 00 12 50 0சி. 50 என்பது எப்சிடிக்கில் ஒரு குறியெழுத்து. ஆஸ்கியில் அது 26. மாற்றிய பிறகு 00 12 26 0சி. வாசித்தால் 122 ரூபா 60 சதம். கோடிக்கணக்கில் போனால் யாரும் கண்டுபிடிப்பார்கள். இரண்டு ரூபா நாற்பது சதம் குறைந்தால் யார் கண்டுபிடிப்பது? ஒரு முதியவரின் கணக்கில் மாதா மாதம் இப்படிக் குறைந்திருந்தால் அதை எதை வைத்து மறுப்பார்? எழுத்துப் புலங்களை மட்டும் தனியாக எடுத்து மாற்ற வேண்டும். எண்களை மூலப் பைற்றாகவே வாசிக்க வேண்டும்.

வாசிப்பதற்கு, பைற்றுகளை எண்களாகப் பிரித்தெடுக்கும் பைதனின் ஸ்ட்ரக்ட் தொகுதியை எடுத்தேன். அதில் ஒரு பொறி இருக்கிறது. புலங்களின் வரிசையைச் சொல்லும் வடிவ வரியின் தொடக்கத்தில் குறி எதுவும் போடாவிட்டால் அது ஓடுகிற இயந்திரத்தின் எல்லை விதியை (அலைன்மென்ற்) தானாகப் பயன்படுத்தும். சியில் பார்த்த அதே 48தான் மீதிக்கு வரும். தொடக்கத்தில் > குறியைப் போட்டால் இரண்டு காரியம் நடக்கும்: பெரிய பைற்று முதலில் என்ற ஐபிஎம் ஒழுங்கு வரும், தானாக இடைவெளி விடுவதும் நின்றுவிடும். பிறகு ஒவ்வொரு வெற்றுப் பைற்றையும் எக்ஸ் என்ற எழுத்தால் நானே எழுதினேன். தலைப் பகுதிக்கு அளவு கேட்டபோது 57 என்றது. காம்ப்-3க்குப் பைதனில் ஆயத்தமாக எதுவும் இல்லை. அரைப் பைற்று அரைப் பைற்றாகப் பிரித்து, கடைசிப் பாதி சி, டி, எஃப் இவற்றில் ஒன்றில்லாவிட்டால் அந்தப் பதிவிலேயே நிறுத்திவிடும்படி எழுதினேன். தொகைகளை எல்லாம் சதத்தில் முழு எண்ணாக வைத்தேன். பணத்துக்கு மிதவைப் புள்ளி எண் வேண்டவே வேண்டாம்.

என் புரோகிராம் சரியா என்று பார்க்க, குனு கோபோல் என்ற இலவசக் கொம்பைலரில் சிறிய சோதனைக் கோப்பு ஒன்றையும் உருவாக்கினேன். அதில் சிங்க் எழுதவில்லை. வெற்று இடங்களை எல்லாம் ஃபில்லர் என்ற பெயரில்லாப் புலங்களாகக் கையால் எழுதினேன். எந்தக் கொம்பைலர் எந்த எல்லையைப் பின்பற்றுகிறது என்ற கேள்விக்கே இடம் வைக்காத வழி இது. வேறு யாருக்காவது கோப்பின் வரைவு கொடுப்பதானால் நான் இனி இப்படித்தான் கொடுப்பேன்: ஒவ்வொரு புலத்துக்கும் தொடக்க இடம், நீளம், வெற்றுகள் உட்பட. குனு கோபோல் தன் இயல்பில் காம்ப் எண்களைப் பெரிய பைற்று முதலில் என்றே எழுதுவதால் எண்கள் நேராகப் பொருந்தின. எழுத்துகள் அங்கே ஆஸ்கி, ஆகவே பெயர்களுக்கு அந்தச் சோதனை உதவாது.

உண்மையான கோப்பில் கடைசிச் சோதனைக்கு இரண்டு கைப்பிடிகள் கிடைத்தன. ஒன்று, நிதியின் விதி. ஊழியரிடம் சம்பளத்தில் நூற்றுக்கு 8, தொழில்தருநரிடம் 12. அப்படியானால் இரண்டாவது தொகை முதலாவதின் ஒன்றரை மடங்காக இருக்க வேண்டும். 125.00க்கு எதிரே 64ஆம் இடத்திலிருந்து 00 00 49 3இ. அது 18,750 சதம், அதாவது 187.50. சரி. வெற்றை மறந்து 62இலிருந்து வாசித்திருந்தால் 40 40 00 00, அதாவது ஒரு கோடியே ஏழு இலட்சம் ரூபாவுக்கு மேல் ஒரு மாதத்தில். கோப்பு முழுவதிலும் ஒன்றரை மடங்கு நின்றது. சத அளவில் முழுமையாக்கிய வித்தியாசங்கள் மட்டும் சில இடங்களில்.

மற்றது, கடைசிப் பதிவு. அந்தக் காலத்துப் புரோகிராமர்கள் கோப்பின் முடிவில் ஒரு கட்டுப்பாட்டுப் பதிவு எழுதுவார்கள். கிளை 999, இலக்கத்தின் இடத்தில் பதிவுகளின் எண்ணிக்கை, மீதியின் இடத்தில் எல்லா அங்கத்துவ இலக்கங்களினதும் கூட்டுத்தொகை. எண்ணிக்கை 00 00 05 3பி என்று இருந்தது. 1,339. கட்டுப்பாட்டுப் பதிவைச் சேர்த்தால் 1,340. இலக்கங்களை நான் கூட்டியதும் 44ஆம் இடத்தில் இருந்ததும் ஒன்று. பெயர் தெரியாத ஒருவர் பல வருடத்துக்கு முன் கொழும்பில் எழுதி வைத்த தொகை, வெற்றுகளை நான் கழித்த விதத்தைச் சரியென்று சொன்னது. அவர் செய்த அந்த ஒழுங்கான வேலைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

கோபோல் மட்டுமல்ல, வர்த்தக வேலைக்கு என்று வந்த மற்ற மொழிகளிலும் இந்த விடயம் ஆளுக்கொரு விதம். பழைய கோப்பு ஒன்று கையில் வந்தால் எந்த மொழி என்று முதலில் கேட்பது இதற்காகத்தான். ஆர்பிஜியில் தரவுக் கட்டமைப்பின் உட்புலங்கள் இயல்பில் நெருக்கமாகவே அடுக்கப்படும். அலைன் என்று கேட்டால்தான் முழு எண்களும் மிதவை எண்களும் எல்லைக்குப் போகும். பிஎல்/ஒன்னில் நேர்மாறு: எண்கள் இயல்பிலேயே எல்லையில் நிற்கும், எழுத்துச் சரங்கள் நெருங்கி நிற்கும், வேண்டாமென்றால் அன்அலைன்ட் என்று எழுத வேண்டும். எஸ்ஏபியின் ஏபாப்பில் முழு எண் 4இன் எல்லையிலும் மிதவை எண் 8இன் எல்லையிலும் நிற்கும். யூனிகோட் முறைக்கு மாறியபோது, நடுவில் உள்ள இடைவெளிகளைத் தனித் துண்டுகளாகவே கணக்கெடுத்து, அவற்றைத் தாண்டி எழுத்துச் சரம்போல வெட்டி எடுப்பதைத் தடுத்துவிட்டார்கள். நல்ல கட்டுப்பாடு என்று நினைக்கிறேன். இடைவெளி இருக்கிறது என்பதையே மறைக்கிற மொழியைவிட, அதில் கைவைக்காதே என்று சொல்கிற மொழி மேல்.

1,339 பேரின் கணக்கும் இப்போது போஸ்ட்கிரஸ் தரவுத்தள அட்டவணையில் இருக்கிறது. இட வரைபடத்தையும், மூலக் கோப்பின் எம்டி5 தொகையையும், புலங்கள் மட்டுமான தொகையையும் ஒன்றாக அச்சடித்து ஐயாவிடம் கொடுத்தேன். தாளின் மேல் 10452க்கு எதிரே அவருடைய பெயர் முதல் எழுத்திலிருந்தே நின்றது.

"அப்ப மற்றக் கோப்பையும் பாருங்கோ தம்பி, லோன் எடுத்த ஆக்களின்ர," என்று இன்னொரு சீடியை எடுத்து வைத்தார்.

அதன் வரைவையும் விரித்துப் பார்த்துவிட்டேன். 01 வரியில் அதே சிங்க். அதே மாதக் குழுவைத்தான் எழுத்துக்கு எழுத்து அங்கேயும் போட்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே அது 48இல் தொடங்குகிறது. மாத நிலை 48, ஊழியர் பங்கு 49 முதல் 52 வரை, தொழில்தருநர் பங்கு 56இல். ஆகவே உள்ளே 3 வெற்று, கடைசியில் 0. முதல் கோப்புக்கு எழுதிய மாத வாசிப்பை அப்படியே எடுத்துப் போடாமல், இதற்கு வடிவ வரியைப் புதிதாக எழுதுகிறேன்.